கம்பஸ் சுகாதார நிலையம்: மெடிக்கல் எடுக்கும் இடம் மட்டும்தானா?

என் மருமகள், அதாவது அக்காவின் மகள், இந்த முறை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டிருக்கிறாள். வந்த தாள்களுக்குள் மருத்துவப் பரிசோதனைப் படிவமும் ஒன்று. முன்பு இருந்த வருத்தங்கள், இப்போது எடுக்கும் மருந்துகள் என்று அதில் கட்டங்கள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு, அதாவது ஆஸ்துமா. மார்கழிப் பனி தொடங்கினால் தலையணைக்குப் பக்கத்தில் இன்ஹேலர் இல்லாமல் படுக்கமாட்டாள்.

பேனையைத் திறந்துகொண்டு இருந்தவளுக்கு மூன்று பக்கத்தாலும் புத்திமதி வந்தது. "இல்லை எண்டு போடு பிள்ளை, பிறகு இடம் தராமல் விட்டிடுவாங்கள்" என்றார் அத்தான். "எழுதினால் ஊருக்குத் தெரியவரும், நாளைக்கு ஒரு கலியாணம் பேசேக்க..." என்று அக்கா இழுத்தாள். மூன்றாம் வருடம் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெடியன் சொன்னான்: "அன்ரி, அங்க ஒருத்தரும் இதுகளைப் பார்க்கிறேல்லை. அது மெடிக்கல் எடுக்கிற இடம். போனால் ரெண்டு பனடோல் தருவினம்." மெடிக்கல் என்று அவன் சொன்னது மருத்துவச் சான்றிதழை.

மூன்று பேருமே அந்தப் பிள்ளையில் அக்கறை உள்ளவர்கள். மூன்று பேர் சொன்னதும் பிழை. ஒரு பல்கலைக்கழகத்தின் சுகாதார நிலையம் எதற்காக இருக்கிறது, அது எப்படி வேலை செய்கிறது என்று எங்கள் வீடுகளில் யாரும் ஆறுதலாக இருந்து சொல்லிக்கொடுப்பதில்லை. காதில் விழுந்ததை வைத்துத்தான் பிள்ளைகள் முடிவெடுக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சங்கடப்படலையும் சுகாதார நிலையமும்

பழைய யாழ்ப்பாண வீடுகளின் வாசலில் சங்கடப்படலை இருக்கும். கூரை போட்ட படலை. மழைக்கு ஒதுங்குபவர், வெயிலில் களைத்து வருபவர், யார் வந்தாலும் அதன் கீழ் நிற்கலாம், இருக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். அநேகம் பேருக்கு அதுவே போதும், களை ஆறியதும் தங்கள் பாட்டில் போய்விடுவார்கள். சிலருக்கு வீட்டுக்குள்ளே அலுவல் இருக்கும், அவர்கள் உள்ளே அழைக்கப்படுவார்கள். படலை வீடு அல்ல. ஆனால் படலையைத் தாண்டாமல் வீட்டுக்குள் போக முடியாது.

பல்கலைக்கழகச் சுகாதார நிலையம் இப்படியான ஒரு படலை. உள்ளே இருக்கும் வீடு பெரிய ஆஸ்பத்திரி. எங்களுக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, அறிவியல் நகரில் பொறியியலோ விவசாயமோ தொழில்நுட்பமோ படிக்கும் பிள்ளைகளுக்குக் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலை. தடிமன், காய்ச்சல், வயிற்றோட்டம், தோல் கடி, தலையிடி, மாதவிடாய் வலி, விளையாட்டில் சுளுக்கு என்று மாணவர்களுக்கு வருகிற வருத்தங்களில் பெரும்பகுதியைப் படலையிலேயே பார்த்து அனுப்பலாம். மிச்சத்தைத்தான் உள்ளே அனுப்ப வேண்டும்.

இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு: ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு. நோயாளி முதலில் போகிற இடம், அவரை ஆளாகத் தெரிந்த இடம், தேவைப்பட்டால் அடுத்த இடத்துக்கு வழிகாட்டுகிற இடம் என்பதுதான் அதன் பொருள். "அங்க ஸ்கானும் இல்லை, வார்ட்டும் இல்லை" என்று குறை சொல்பவர்கள் படலையிடம் அடுப்படியைத் தேடுகிறார்கள்.

ஒரே வயது, ஒரே வாழ்க்கை

ஊரில் எத்தனையோ ஆஸ்பத்திரிகள் இருக்கும்போது பல்கலைக்கழகத்துக்கு என்று தனியாக ஒன்று எதற்கு?

இந்த யோசனை பழையது. அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்து அம்ஹெர்ஸ்ட் கல்லூரியில், மாணவர்கள் உடல் கெட்டுப் படிப்பை இடையில் விடுவதைக் கண்டு தலைவர் கவலைப்பட்டார். 1861இல் எட்வர்ட் ஹிச்கொக் என்ற மருத்துவர் உடல்நலத்துக்கும் உடற்பயிற்சிக்கும் பேராசிரியராக அங்கே நியமிக்கப்பட்டார். அவர் மாணவர்களின் உயரம், நிறை போன்ற அளவுகளை எடுத்துக் கொப்பியில் குறித்து வைத்துக்கொண்டே வந்தார். மருந்து கொடுப்பதற்கு முன்பாகவே, சுகமாக இருக்கும்போது இந்த ஆள் எப்படி இருந்தான் என்று தெரிந்து வைத்துக்கொள்வதுதான் அதன் அடிப்படை. மாணவர் சுகாதார சேவையின் தொடக்கம் என்று பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். (அதே மாநிலத்திலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் படிப்பித்தவர் சாமுவேல் கிறீன் என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.)

ஒரு பொது ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவின் வரிசையில் கைக்குழந்தையும் நிற்கும், எண்பது வயது அப்பாச்சியும் நிற்பார். பல்கலைக்கழக டொக்டரிடம் வருபவர்கள் அநேகமாக 20 முதல் 25 வயதுக்காரர். முதல் தடவையாக வீட்டை விட்டு வந்தவர்கள். ஒரே கன்டீனில் சாப்பிட்டு, ஒரே விடுதிக் குழாயில் குடித்து, ஒரே வாரத்தில் பரீட்சை எழுதுபவர்கள். ஒரே நாளில் நான்கு பேர் வயிற்றோட்டம் என்று வந்தால், நான்கு பேரும் எந்த இடத்தில் சாப்பிட்டார்கள் என்று கேட்க அவருக்குத் தோன்றும். அந்த நான்கு பேரும் நான்கு வெவ்வேறு தனியார் டொக்டரிடம் போயிருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திருக்காது.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: சுகாதார நிலையம் குட்டி ஆஸ்பத்திரி அல்ல, முதல் வாசல். ஒரே மாதிரி வாழ்கிற ஒரு கூட்டத்தை ஒரே இடத்திலிருந்து பார்க்க முடிவதுதான் அதன் பலம்.

உள்ளே போனால் என்ன நடக்கும்?

ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் விழுந்தால், தாய் யாரிடம் முதலில் ஓடுவாள்? கத்தி அழுகிற பிள்ளையிடம் அல்ல, சத்தமில்லாமல் கிடக்கிற பிள்ளையிடம். யார் முதலில் வந்தது என்று பார்க்காமல் யாருக்கு ஆபத்துக் கூட என்று பார்த்து ஒழுங்குபடுத்துவதற்கு முன்னுரிமைப் பிரிப்பு என்று பெயர். வரிசையில் உங்களுக்குப் பின்னால் வந்தவரைத் தாதி முன்னுக்குக் கூப்பிட்டால், அவர் யாருக்கோ தெரிந்த ஆள் என்று நினைக்க வேண்டாம். உங்களைப் பார்த்ததும் நீங்கள் கொஞ்சம் காத்திருக்கலாம் என்று விளங்கியிருக்கிறது. அது உண்மையில் நல்ல செய்தி.

அப்புறம் டொக்டர். அவர் என்ன செய்கிறார் என்பதைக் காய்ச்சலை வைத்துச் சொல்கிறேன். எங்கள் பக்கம் அதிகம் உயிரோடு விளையாடுவதும், அதிகம் அலட்சியம் செய்யப்படுவதும் அதுதான்.

கார்த்திகை மழை விட்டு, மார்கழி, தை என்று வரும்போது யாழ்ப்பாணத்தில் டெங்கு ஏறும். போடிங்கில் இருக்கிற ஒரு பெடியனுக்கு ஞாயிறு காலை காய்ச்சல். அவன் திங்கள் காலையே சுகாதார நிலையத்துக்குப் போகிறான். டொக்டர் தொட்டுப் பார்த்து, தொண்டையைப் பார்த்து, பரசிட்டமோல் தந்து, "நாளைக்குத் திரும்ப வாங்கோ, இரத்தம் பார்க்க வேணும்" என்று அனுப்புகிறார். பெடியன் வெளியே வந்து சொல்வான்: "ஒண்டும் செய்யேல்லை, ரெண்டு பனடோல்தான்."

ஒன்றும் செய்யாமல் இல்லை. டெங்குக்கு வைரசைக் கொல்லும் மருந்து கிடையாது. முதல் நாளில் இரத்தத்தின் எண்ணிக்கைகள் அநேகமாகச் சாதாரணமாகவே இருக்கும். காய்ச்சல் தொடங்கிய நாளை முதலாம் நாளாக வைத்து எண்ணி, மூன்றாம் நாளில் செய்யும் முழுக் குருதி எண்ணிக்கைதான் பேசத் தொடங்கும். இரத்தத்தில் இருக்கும் செல்களை வகை வகையாக எண்ணிப் பார்ப்பதே அந்தப் பரிசோதனை. அதில் குருதிச் சிறுதட்டுகள், பெடியள் 'பிளேட்லெட்' என்று சொல்வது, சாதாரணமாக 150,000க்கு மேல் இருக்கும். டெங்கில் இது இறங்கிக்கொண்டு போகும். ஒரு நாள் எடுத்த ரிப்போட்டை விட, அடுத்தடுத்த நாள் ரிப்போட்டுகளை ஒன்றாக வைத்துப் பார்ப்பதில்தான் பயன் இருக்கிறது. அதற்காகத்தான் "நாளைக்கு வாங்கோ".

இங்கேதான் பலர் ஏமாறும் இடம். டெங்கில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் கொதிக்கும்போது வருவதில்லை. பொதுவாக நான்காம், ஐந்தாம் நாளில் காய்ச்சல் விடும்போதுதான் வருகிறது. புது மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் வெளியே ஈரம் கசியும் அல்லவா? அதுபோல இரத்தக் குழாய்களிலிருந்து இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசியும். உள்ளே மிஞ்சும் இரத்தம் தடிக்கும், அழுத்தம் விழும். இந்தக் கட்டம் 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். பெடியனோ காய்ச்சல் விட்டுவிட்டது என்று குளித்து, கொத்து ரொட்டி சாப்பிட்டு, விரிவுரைக்குப் போக வெளிக்கிடுவான். விடாத சத்தி, கடும் வயிற்று வலி, முரசிலோ மூக்கிலோ இரத்தம், எழும்ப முடியாத சோர்வு, சலம் குறைந்து போதல்: இதில் ஒன்று தெரிந்தாலும் அது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம். பப்பாசி இலைச் சாறு குடிப்பதும் குடியாததும் உங்கள் விருப்பம். ஆனால் சாறு குடித்துவிட்டேன் என்று இரத்தம் பார்க்காமல் இருக்கக்கூடாது. அதேபோலப் பாமசியில் போய் உடம்பு நோவுக்கு என்று டைக்ளோபினக், இபுபுரூபன், அஸ்பிரின் வாங்கிப் போடக்கூடாது. அவை இரத்தம் போவதைக் கூட்டும்.

டொக்டர் கேட்கிற சில கேள்விகள் சம்பந்தமில்லாதவை போலத் தெரியும். "லீவுக்கு எங்க போனீங்கள்? வயலுக்குள்ள இறங்கினீங்களோ? காலில புண் ஏதும் இருந்ததோ?" 2024 மார்கழியில் வெள்ளத்துக்குப் பிறகு வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனது பலருக்கு நினைவிருக்கும். எலியின் சலம் கலந்த வெள்ளத்தில் புண்ணோடு கால் வைத்தவருக்கு வரும் காய்ச்சலும் முதல் நாளில் சாதாரணக் காய்ச்சல் போலத்தான் தொடங்கும். அதற்கு நேரத்தோடு தொடங்கினால் வேலை செய்கிற அன்ரிபயோட்டிக் இருக்கிறது. அந்த ஒரு கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதில்தான் டெங்குப் பக்கம் யோசிப்பதா, எலிக்காய்ச்சல் பக்கம் யோசிப்பதா என்று டொக்டருக்குக் காட்டுகிறது. பரியாரியாரிடம் ஏதாவது வாங்கிக் குடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பேச்சு வாங்க வேண்டி வரலாம். அதுக்காக மறைக்க வேண்டாம்.

தன்னால் பார்க்க முடியாத கட்டம் வந்ததும் அவர் பரிந்துரைக் கடிதம் எழுதுவார். ஒரு டொக்டர் இன்னொரு டொக்டருக்கு, "இந்த ஆளுக்கு இன்ன நாளிலிருந்து இன்னது, இன்ன மருந்து கொடுத்தேன், இதைப் பாருங்கள்" என்று எழுதுகிற தாள் அது. அதைக் கொண்டுபோகிறவருக்குப் போதனா வைத்தியசாலையில் கதையை முதலிலிருந்து சொல்லத் தேவையில்லை. சிறுதட்டு எண்ணிக்கை மூன்று நாளாக எப்படி இறங்கியது என்று அந்த ஒரு தாளிலேயே இருக்கும்.

ஒருவரின் காய்ச்சல் விடுதிக்கே காய்ச்சல்

டெங்கு, நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி, எலிக்காய்ச்சல் போன்றவை டொக்டருக்கும் நோயாளிக்கும் இடையில் மட்டும் முடிகிற அலுவல் அல்ல. இலங்கையில் 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடைகாப்புக் கட்டளைச் சட்டப்படி, சில நோய்கள் என்று சந்தேகம் வந்தாலே டொக்டர் அறிவிக்க வேண்டும். இதுவே நோய் அறிவித்தல். அந்த அறிவித்தல் அந்தப் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகும். அங்கிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நோயாளி இருக்கும் இடத்துக்கு வந்து நுளம்புக் குடம்பி, கிணறு, மலசலகூடம் எல்லாம் பார்ப்பார்.

இதில் ஒரு சின்ன விஷயம், ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது. படிவத்தில் முகவரி கேட்டால் பிள்ளைகள் அடையாள அட்டையில் இருக்கும் முகவரியை எழுதிவிடுகிறார்கள். நுளம்பு கடித்தது கம்பஸ் இருக்கும் திருநெல்வேலியில், முகவரி மட்டக்களப்பு அல்லது பதுளை. பரிசோதகர் அங்கே போய், நோயாளி இரண்டு மாதமாகப் படுக்காத ஒரு வீட்டின் பூச்சாடியைப் பார்ப்பார். இங்கே போடிங்கின் பின்வளவில் கிடக்கும் சிரட்டையிலும் பழைய டயரிலும் குடம்பி வளர்ந்துகொண்டிருக்கும். அடுத்த கிழமை பக்கத்து அறைப் பெடியனுக்கும் காய்ச்சல். தயவுசெய்து நீங்கள் இப்போது படுத்து எழும்புகிற இடத்தின் முகவரியைக் கொடுங்கள்.

அம்மாள் வருத்தம், மருத்துவர்கள் கொப்புளிப்பான் என்பது, இன்னொரு உதாரணம். உடலில் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அது மற்றவருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை தொற்றும். தொற்றியவருக்கு வெளியே தெரிய 10 முதல் 21 நாள் எடுக்கும். ஒரு அறையில் நான்கு பேர் படுக்கிற விடுதியில் இதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: இன்று ஒருவர் மறைத்தால், மூன்று கிழமைக்குள், சரியாகப் பரீட்சை நேரத்தில், மற்றவர்களுக்கு வரும். சின்னப் பிள்ளைகளை விட இந்த வயதுக்காரரைத்தான் அது கடுமையாகத் தாக்கும். வைரசை அடக்கும் மாத்திரை உண்டு. கொப்புளம் தெரிந்து 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் அதில் நல்ல பலன். வேப்பிலை வைப்பதற்கு யாரும் தடை சொல்லவில்லை. வைத்துவிட்டு அன்றைக்கே டொக்டரிடமும் காட்டுங்கள்.

மெடிக்கல் என்ற துண்டு

இனி எல்லோரும் பேசுகிற விஷயம். 'மெடிக்கல் எடுக்கிறது', 'மெடிக்கல் போடுறது' என்று கம்பஸில் சொல்வது மருத்துவச் சான்றிதழை. இன்ன நாளில் இந்த ஆளுக்கு இன்ன வருத்தம் இருந்தது, இத்தனை நாள் ஓய்வு வேண்டும் என்று டொக்டர் எழுதித் தரும் சாட்சியம் அது.

சாட்சியம் என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதினேன். டொக்டர் சாட்சி. தீர்ப்புச் சொல்வது அவர் அல்ல. பரீட்சைக்குப் போகாததை ஏற்றுக்கொள்வதா இல்லையா என்ற முடிவு பீடச் சபையிலும் மூதவையிலும் (செனட்) எடுக்கப்படுவது. வெளியில் ஒரு தனியார் டொக்டரிடமோ ஆஸ்பத்திரியிலோ சான்றிதழ் வாங்கியிருந்தாலும், பல்கலைக்கழக வைத்திய அதிகாரி அதைப் பார்த்துச் சிபாரிசு செய்த பிறகே பொதுவாக அது அந்தச் சபைக்குப் போகும். "டொக்டர் மெடிக்கல் தந்தும் அவங்கள் எடுக்கேல்லை" என்று கோபிக்கிறவர்கள் இந்த இரண்டு படியையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள்.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு என்று கேட்டால், அந்தத் துண்டின் பெறுமதி பெரியது. ஒரு பாடத்தில் தவறி மீண்டும் எழுதினால், எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பொதுவாக 'சி'க்கு மேல் தரம் கிடைக்காது. சான்றிதழ் ஏற்றுக்கொள்ளப்பட்டால் அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகவே கணிக்கப்படும், முழுத் தரமும் கிடைக்கும். விரிவுரை வரவு பொதுவாக 80 சதவீதம் வேண்டும் என்கிற இடத்திலும் இந்தத் துண்டு உதவும். இவ்வளவு பெறுமதியான ஒன்றைச் சும்மா கேட்டவுடன் கொடுத்தால், உண்மையாகவே காய்ச்சலில் கிடந்த பிள்ளையின் துண்டுக்கும் மதிப்பில்லாமல் போய்விடும். என்னைப் பொறுத்தவரை, சுகமாக இருந்துகொண்டு மெடிக்கல் கேட்பது பக்கத்துக் கட்டிலில் வருத்தமாகக் கிடக்கிறவனிடமிருந்து எடுப்பதுதான்.

நடைமுறையில் அநேகம் பேர் விழுவது காலதாமதத்தில். காய்ச்சல் மாறி, ஒரு கிழமை கழித்து, தெம்பாக நடந்து வந்து "போன கிழமை எனக்குக் காய்ச்சல்" என்றால் டொக்டர் எதைப் பார்த்து எழுதுவார்? காய்ந்த நிலத்தைக் காட்டி இங்கே மழை பெய்தது என்று சாட்சி கேட்பது போலத்தான் அது. வருத்தமாக இருக்கும் நாளிலேயே போங்கள். எழும்பவே முடியாவிட்டால் கூட்டாளி ஒருவர் மூலமாக அறிவியுங்கள். ஆஸ்பத்திரியில் மறித்து வைத்திருந்தால், வீட்டுக்கு விடும்போது தருகிற நோய் நிர்ணய அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது பீடத்துக்குப் பீடம் வேறு, மாணவர் கைந்நூலில் இருக்கும். பரீட்சை மண்டபத்துக்குள் போய் எழுதிவிட்டு, வினாத்தாள் கஷ்டம் என்று கண்ட பிறகு மெடிக்கல் போட நினைத்தால் அது பொதுவாக எடுபடாது.

சுருக்கமாக: சான்றிதழ் சுகாதார நிலையத்தின் ஒரு வேலை, அதுவும் வைத்தியத்துக்குப் பிறகு வருகிற வேலை. நேரத்தோடு வைத்தியத்துக்குப் போகிறவருக்குத் துண்டு பெரும்பாலும் பிரச்சினையாக இருப்பதில்லை.

பஞ்சி என்று சொல்லப்பட்ட பிள்ளை

என் பட்சில் ஒரு பிள்ளை இருந்தாள். விரிவுரையில் நித்திரை, படி ஏறினால் இளைப்பு, எதற்கும் வர மனமில்லை. பஞ்சி பிடித்தவள் என்று எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். வீட்டுக்குக் காசு மிச்சம் பிடிப்பதற்காகக் காலையில் பிளேன்ரீயும் பணிசும், இரவில் சில நாள் அதுவும் இல்லை. இரண்டாம் வருடக் கடைசியில், ஒரு நாள் தலை சுற்றி விழுந்த பிறகுதான் இரத்தம் பார்த்தார்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தால் இரத்தச்சோகை. அவளுக்கு இருந்தது 8. இரும்புச்சத்து மாத்திரை எடுத்துச் சில மாதத்தில் வேறு ஆளாக வந்தாள். ஒரு சின்ன இரத்தப் பரிசோதனை இரண்டு வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்கக்கூடிய செய்தி அது. அந்த இரண்டு வருடத்தையும் நாங்கள் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'மனம் சரியில்லை' என்று வருகிறவரையும் டொக்டர் முதலில் உடம்பைத்தான் பார்ப்பார். இரத்தச்சோகையும் தைரொயிட் குறைபாடும் மனச்சோர்வு போலவே வேஷம் போடும். அவை இல்லை என்று தெரிந்த பிறகு மற்றதைப் பேசலாம். மற்றது இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் செய்து 2005இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றின்படி, வாழ்நாளில் மனநலப் பாதிப்பு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு அது 14 வயதுக்குள் தொடங்குகிறது, நான்கில் மூன்று பேருக்கு 24 வயதுக்குள். அதாவது, கம்பஸ் வயது முடிவதற்குள். எங்கள் ஊரில் இழப்பைக் காணாத வீடு குறைவு. தகப்பன் இல்லாமல், காணி இல்லாமல், தாய் தையல் தைத்து வளர்த்த பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த விரிவுரை மண்டபத்தில் இருக்கிறார்கள். நித்திரை வராமல், சாப்பிட மனமில்லாமல், இரண்டு கிழமைக்கு மேல் ஒருவர் அறைக்குள்ளேயே இருந்தால் அதுவும் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டிய காரணம்தான். டொக்டரிடம் போகத் தயக்கம் என்றால் மாணவ ஆலோசகர் இருக்கிறார். ஆளைப் பார்த்துப் பேசவே முடியாது என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் 24 மணித்தியாலமும் இருக்கிறது.

"சொன்னால் வீட்டுக்குச் சொல்லிவிடுவாங்களோ?" இதுதான் உண்மையான பயம். யாழ்ப்பாணம் சின்ன ஊர், தாதியின் மச்சாள் அம்மாவோடு கோயிலுக்குப் போகிறவராக இருக்கலாம். இதற்குப் பதில் இரகசியம் பேணல். நோயாளி சொன்னதை அவருடைய சம்மதம் இல்லாமல் வேறு யாருக்கும் சொல்லக்கூடாது என்கிற தொழில் ஒழுக்கம் அது. 18 வயது கடந்த மாணவருக்கு அது தாய் தகப்பனுக்கும் பொருந்தும், விரிவுரையாளருக்கும் பொருந்தும். விலக்கு முக்கியமாக இரண்டு. ஒருவரின் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் உரியவர்களுக்குச் சொல்ல வேண்டும். மற்றது, மேலே சொன்ன நோய் அறிவித்தல். எவ்வளவு தூரம் இரகசியமாக இருக்கும் என்று டொக்டரிடமே முதலில் கேட்டுவிட்டுப் பேசத் தொடங்கலாம். அது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல.

அந்தப் படிவத்துக்குத் திரும்ப வருவோம்

ஹிச்கொக் அன்று கொப்பியில் குறித்து வைத்த அதே காரியத்தைத்தான் புதுமுக மாணவரின் மருத்துவப் பரிசோதனையும் செய்கிறது. உயரம், நிறை, கண், இரத்த அழுத்தம், இருக்கிற வருத்தம், எடுக்கிற மருந்து, போட்ட தடுப்பூசி. பாஸ், பெயில் போடுகிற சோதனை அல்ல அது. நாளைக்கு நீங்கள் மயங்கி விழுந்தால் உங்களைத் தெரியாத ஒருவர் பார்க்கப்போகிற முதல் பக்கம்.

வலிப்பு உள்ளவர் அதை மறைத்தார் என்று வையுங்கள். பரீட்சைக்காக மூன்று இரவு முழித்துப் படிக்கிறார். நித்திரைக் குறைவு வலிப்பைத் தூண்டுகிற பெரிய காரணங்களில் ஒன்று. விழுந்து கை கால் இழுக்கும்போது அறைக் கூட்டாளிகள் பயந்து வாய்க்குள் கரண்டி வைக்கப் பார்ப்பார்கள். அது பிழை. பக்கவாட்டில் திருப்பிக் கிடத்தி, தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வைத்து, நேரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் அம்புலன்ஸ். முன்பே சொல்லியிருந்தால் டொக்டர் அந்தக் கூட்டாளிகளில் ஒருவருக்காவது இதைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியும். இன்சுலின் போடுகிற பிள்ளைக்கு அதை எந்தக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது, முட்டு உள்ள பிள்ளைக்குத் தூசி குறைந்த அறை கிடைக்குமா என்பதும் இப்படித்தான். சொல்லாத வருத்தத்துக்கு யாராலும் ஏற்பாடு செய்ய முடியாது.

அன்றிரவு நான் இதையெல்லாம் அக்கா வீட்டில் இருந்து சொன்னேன். அத்தான் ஒன்றும் பேசவில்லை. மருமகள் கட்டத்துக்குள் 'ஆஸ்துமா, ஆறு வயதிலிருந்து' என்று எழுதி, இன்ஹேலரை எடுத்துவந்து அதன் பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதினாள்.

கதவு பூட்டியிருக்கும் நேரத்தில்

சுகாதார நிலையம் இரவில் உங்களுக்காகத் திறந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு இருக்க வேண்டாம். திறந்திருக்கும் நேரத்தை முதல் கிழமையிலேயே பார்த்து ஃபோனில் குறித்து வையுங்கள். நேரம் கடந்து வருகிற எல்லாவற்றையும் காலை வரை தள்ளிப்போட முடியாது. மூச்சு எடுக்கக் கஷ்டம், நெஞ்சு வலி, நிற்காத இரத்தம், வலிப்பு, பாம்புக் கடி, மருந்தையோ நஞ்சையோ விழுங்கியது: இவற்றுக்கு நேரே ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும், 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. ஓட்டோவுக்கு ஆள் தேடி ஒழுங்கைக்குள் ஓடுவதை விட அது நல்லது, வழியிலேயே ஒட்சிசன் கொடுக்கத் தெரிந்த ஆள் அதில் இருப்பார்.

அழைக்கும்போது போடிங் வீட்டுக்காரரின் பெயர் அவர்களுக்கு உதவாது. ஒழுங்கையின் பெயர், பக்கத்துக் கோயில், பரமேஸ்வராச் சந்தியிலிருந்து எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். ஒருவர் டோர்ச் லைட்டோடு ஒழுங்கை முகப்பில் போய் நிற்கட்டும். கூடப் போகிறவர் கையில் எடுக்க வேண்டியது மூன்று: அடையாள அட்டை, கிளினிக் கொப்பி அல்லது பழைய ரிப்போட்டுகள், எடுக்கிற மருந்துகளின் மட்டைகள். மருந்தின் பெயர் வாயில் வராவிட்டாலும் மட்டையைப் பார்த்து டொக்டர் தெரிந்துகொள்வார்.